ஒரு டிக்கெட்டுக்கு வீட்டுச் சாவியா?

காரைக்கால் பஸ் நிலையத்தில் ராத்திரி நேரத்தில் போய் நின்று பாருங்கள்.

சென்னை போகிறவர், பெங்களூர் போகிறவர், எல்லார் கையிலும் செல்போன். டிக்கெட் அதில்தான். பணம் அதில்தான். பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதும் அதில்தான்.

நல்லதுதான். கியூவில் நின்று கால் கடுத்த காலம் போச்சு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. டிக்கெட் எடுக்கும்போது எத்தனை தடவை "சரி" என்று அழுத்தினீர்கள்? எதற்கெல்லாம் அழுத்தினீர்கள்? ஞாபகம் இருக்கிறதா?

எனக்கும் இல்லை!

போன மாதம் சென்னைக்கு டிக்கெட் எடுக்க புதுசாக ஒரு ஆப்பை இறக்கினேன். பெயர் வேண்டாம். நான் இருக்கும் இடத்தைக் கேட்டது. சரி என்றேன். போனில் உள்ள பெயர், நம்பர் எல்லாவற்றையும் பார்க்கணும் என்றது. அதற்கும் சரி. போட்டோக்களைப் பார்க்கணும் என்றது. அதற்கும் சரி!

பக்கத்தில் இருந்த என் மகள் கேட்டாள்:

"ஏம்ப்பா, பஸ்ஸுல போறது நீங்க. ஊர்ல உள்ளவங்க நம்பரெல்லாம் கண்டக்டருக்கு எதுக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

பெட்டியைத் திற!

நம் ஊருக்கு இந்தத் தொல்லை புதுசில்லை. பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில் காரைக்காலிலிருந்து எல்லையைத் தாண்டினால் சுங்கச் சோதனை. பெட்டியைத் திறந்து காட்டணும். 1954 நவம்பர் 1-ந் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. சோதனையும் ஒழிந்தது.

அந்தச் சுங்கக்காரராவது பெட்டியை நம் கண் முன்னால் திறந்தார். பார்த்துவிட்டு மூடினார். இன்றைக்கு நாமே ஒரு விரலால் திறந்துவிட்டு, திறந்தது தெரியாமல் நடக்கிறோம். உள்ளே கை விட்டவர் யார், எடுத்ததை யாருக்குக் கொடுத்தார், ஒன்றும் தெரியாது.

போனது போனதுதான்!

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

2021-ல் ஏர் இந்தியா ஒரு செய்தி சொன்னது. சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரம் வெளியே போய்விட்டது! பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், டிக்கெட் விவரம். 2011 ஆகஸ்டு முதல் 2021 பிப்ரவரி வரை பதிவான விவரங்கள். பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போகாத தெரு நம் ஊரில் உண்டா?

ரயில் டிக்கெட் எடுத்துத் தரும் தனியார் நிறுவனம் ரயில்யாத்ரி. அதில் 3 கோடிக்கும் அதிகமான விவரங்கள் களவு போய் 2023-ல் இன்டர்நெட் திருட்டுச் சந்தைக்கு வந்தன.

வாடகைக் கார் கம்பெனி ஊபர் செய்ததைக் கேளுங்கள். 2016-ல் உலகம் முழுக்க 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் திருட்டுப் போனது. கம்பெனி என்ன செய்தது? திருடியவர்களுக்கே ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயை மூடியது! ஒரு வருஷம் கழித்து, 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது.

பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

சனீஸ்வரர் பெயரிலும்!

திருநள்ளாற்றுக்கு எங்கிருந்தெல்லாமோ பக்தர்கள் வருகிறார்கள். வர முடியாதவர்கள் ஆன்லைனில் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கோயில் பெயரிலேயே போலி இணையதளம் நடத்தி, பூஜை, பிரசாதம் என்று பணம் வசூலித்ததாக 2025-ல் புகார் வந்தது. போலீசார் வழக்குப் போட்டார்கள். கைதும் நடந்தது.

அர்ச்சனைக்குப் பதிவு செய்கிறவர் என்ன கொடுப்பார்? பெயர், நட்சத்திரம், விலாசம், போன் நம்பர். பணத்தோடு சேர்ந்து அதுவும் போச்சு!

இது நம் ஊரோடு நிற்கவில்லை. அதே 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் நாடு முழுக்க எச்சரிக்கை விட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், யாத்திரை விடுதி, வாடகைக் கார் என்று போலித் தளங்கள் மலிந்துவிட்டன என்றது.

"என்கிட்ட என்ன இருக்கு?"

கடைக்கார நண்பர் ஒருவர் சிரித்தார். "சார், என்கிட்ட திருட என்ன இருக்கு?" என்றார்.

அண்ணே, உங்கள் டிக்கெட்டில் என்ன இருக்கிறது? குடும்பத்தில் எத்தனை பேர் போகிறீர்கள், என்றைக்குப் புறப்படுகிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள், எல்லாம் இருக்கிறது. அதாவது, வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்ற கணக்கு!

இன்னொன்று. நாளைக்கு ஒருவன் போன் பண்ணுகிறான். உங்கள் பெயர் சொல்கிறான். சீட் நம்பரைச் சரியாகச் சொல்கிறான். "பஸ் ரத்து ஆயிடுச்சு சார், பணம் திருப்பி அனுப்பணும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்கிறான். சீட் நம்பர் வரை தெரிந்தவனை எப்படிச் சந்தேகப்படுவீர்கள்? அங்கேதான் விழுகிறோம்.

என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தட்டி ஆப்பை இறக்காதீர்கள். ஐ.ஆர்.சி.டி.சி. பெயரில் போலி ஆப் ஒன்று இப்படித்தான் சுற்றியது. 2023-ல் அந்த நிறுவனமே எச்சரிக்கை விட்டது.

போன் செட்டிங்கில் போய் அனுமதிகளைப் பாருங்கள். இடம் தெரிய வேண்டுமா? ஆப்பைப் பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். நம்பர்களும் போட்டோக்களும் டிக்கெட்டுக்குத் தேவையில்லை.

ஆப் வேண்டாம் என்றால் முதலில் உள்ளே இருக்கும் கணக்கை அழியுங்கள். பிறகு ஆப்பை நீக்குங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் கணக்கு அங்கேயே கிடக்கும்.

லாட்ஜில் ஆதார் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை முதலில் நீட்டுங்கள்.

பணம் வாங்க ஓ.டி.பி.யும் வேண்டாம், யு.பி.ஐ. ரகசிய எண்ணும் வேண்டாம். கேட்டால் அவன் திருடன்!

டிக்கெட்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு போட்டால் ஊட்டி ஓடிப் போய்விடாது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாப் பழியையும் பயணி தலையில் போடுவது நியாயமா? கூடாது. கேட்கிறவனுக்கும் கடிவாளம் வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஓர் உதாரணம் இருக்கிறது. போனில் வைத்தியம் பார்க்கும் ஆப் ஒன்று, போனில் உள்ள நம்பர்களையும் கேட்கிறது. ஆள் சரி என்று அழுத்தினாலும், வைத்தியத்துக்குத் தேவையில்லாத அந்த அனுமதி செல்லாது!

என் மகள் கேட்டதும் அதைத்தானே?

அனுமதி கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே படிக்க வழி இருக்கணும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்தார்கள்!

அரசாங்கமும் யோக்கியமாக நடக்கணும். பயணிகள் விவரத்தை வைத்து ஆயிரம் கோடி ரூபாய் வரை சம்பாதிக்கலாம் என்று 2022-ல் ஐ.ஆர்.சி.டி.சி. டெண்டர் விட்டது. எதிர்ப்புக் கிளம்பி, நாடாளுமன்றக் குழு கூப்பிட்ட பிறகுதான் வாபஸ் ஆனது. கேட்டால் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நாமும் கேட்போம். பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் கவுண்டரை மூடாதீர்கள். போன் இல்லாத பெரியவரும், போனை நம்பாதவரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்க வழி இருக்கட்டும். 1930 என்ற எண்ணை எல்லார் கண்ணிலும் படும்படி தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். திருநள்ளாற்றில் பக்தர் இறங்கும் இடத்திலேயே கோயிலின் உண்மையான இணைய முகவரியைப் பலகையில் போடுங்கள். செலவு எவ்வளவு ஆகிவிடும்?

டிக்கெட்டுக்கு உரிய காசை ஒரு பைசா குறையாமல் கொடுக்கிறோம். அதோடு கணக்கு தீர்ந்தது.

வீட்டுச் சாவி நம் இடுப்பிலேயே இருக்கட்டும்!