அச்சாரம் வாங்கியாச்சு... அப்புறம்?

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பு வியாபாரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். வியாபாரி மரத்தைப் பார்ப்பார், விலை பேசுவார், அச்சாரம் கொடுப்பார். மீதிப் பணம் காய் பறிக்கும்போது.

இப்படி வைத்துக்கொள்வோம். பெங்களூரா காய் டன் 20,000 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. பறிக்கிற நேரத்தில் வரத்து கூடி விலை இறங்குகிறது. "12,000தான் கட்டும். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க" என்கிறார் வியாபாரி. காயோ மரத்திலேயே பழுக்கிறது. விவசாயி என்ன செய்வார்?

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 'பரஸ்பர வாக்குறுதி' என்று ஒன்று உண்டு. காயைத் தருகிறேன் என்ற சொல்லுக்கு ஈடு, இந்த விலை தருகிறேன் என்ற சொல். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பேசியதை மாற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது பிரிவு 62. பணம் தரத் தயாராக இல்லாதவருக்குக் காயை ஏற்றி அனுப்ப வேண்டியதும் இல்லை (பிரிவு 51).

அதற்காக வீம்புக்குக் காயை அழுக விடக் கூடாது. நஷ்டத்தைக் குறைக்க வழியிருந்தும் சும்மா இருந்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். பேச்சை மீறுவதாக வியாபாரிக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிட்டு, வேறு மண்டியில் நியாயமான விலைக்கு விற்று, குறைந்த தொகையைப் பிரிவு 73-ன் கீழ் கேட்கலாம். மாறாக, "12,000 வாங்கிக்கொண்டேன், கணக்கு முடிந்தது" என்று கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. குறைத்து வாங்கிக் கணக்கை முடிக்கும் உரிமையையும் சட்டமே தருகிறது (பிரிவு 63). பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

விலை 28,000 ஆகி, விவசாயி வேறு ஆளுக்கு விற்றாலும் இதே பிரிவு 73 அவர்மேல் திரும்பும். அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு.

வாய்ப்பேச்சும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. விலை, எடை, பறிக்கும் தேதி, அச்சாரம் நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆலையோடு விளைச்சலுக்கு முன்பே பேசுபவர்கள் தமிழ்நாட்டின் 2019 ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி பதிவு செய்யலாம். சந்தை சரிந்தாலும் அன்று பேசிய விலை கிடைக்கவே அந்தச் சட்டம் வந்தது.

தகராறு வந்துவிட்டதா? தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.