படம் போடாத ஒரு வருடம்



"வருஷம் முழுக்க என்னென்னவோ செஞ்சீங்களாம் டீச்சர், ஒரு போட்டோவையும் காணல்லையே" என்று பலர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான், நாங்கள் போடவில்லை. பிள்ளைகளின் முகங்கள் முகநூலில் வர வேண்டாம் என்று முதலாம் தவணைப் பெற்றோர் கூட்டத்தில் உம்மாமார் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் சரி என்றோம். அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறோம். ஆனால், படம் இல்லாததால் வேலையே நடக்கவில்லை என்று ஊர் நினைத்துவிடக் கூடாது.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த வருட நேரசூசி தயாராகிறது. தரம் 8, 9 பிள்ளைகளின் சித்திரப் பாடவேளைகளைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கொடுங்கள் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. பரீட்சை நெருங்கும்போதெல்லாம் அந்தப் பாடவேளையை முதலில் பறித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். "சித்திர டீச்சர் லீவு, கணித டீச்சர் வாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! இந்த வருடம்தான் அதை நிறுத்திப் பார்த்தோம்.

முதலாம் தவணையில் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைப் பார்த்து வரைய வேண்டும், அதன் கதையை வீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை வெற்றிலை வட்டா ஒன்றை வரைந்து வந்தாள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீடு இருந்த இடத்து மணலில் கிடைத்த ஒரே பொருள் அது. மூன்று பக்கம் எழுதியிருந்தாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய உம்மா அந்தக் கொப்பியோடு பாடசாலைக்கு வந்தார். ஏதோ முறைப்பாடு என்று நினைத்தோம். "இவள் இவ்வளவையும் கேட்டு மனசில வெச்சிருக்காள் எண்டு எனக்கே தெரியாது டீச்சர்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எங்களாலும்தான்.

இரண்டாம் தவணையில் மூத்தம்மாமாரை அழைத்தோம். பன்னைக் காயவைத்து, சாயம் ஏற்றி, பாய் இழைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மண்டபத்தில் நிலத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார்கள். கை வேலை செய்ய, வாய் கவி சொல்லத் தொடங்கியது. வயல், கடல், தாலாட்டு என்று வந்தவற்றைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மச்சானைப் பற்றிய கவிகள் வந்ததும் ஒரே சிரிப்பு. "இதையெல்லாம் எழுதாதிங்க புள்ள, டீச்சர் ஏசுவா" என்று மூத்தம்மாவே கையைத் தடுத்தார். டீச்சரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்தக் கொப்பி இப்போது நூலகத்தில் இருக்கிறது. அதில் உள்ளவற்றில் பல வேறெங்கும் எழுதப்படாதவை என்று நினைக்கிறோம்.

மூன்றாம் தவணையில் உம்மாமார் மட்டும் பார்க்க ஒரு கண்காட்சியும் ஒரு சிறு நாடகமும். நாடகத்தைப் பிள்ளைகளே எழுதினார்கள். சுபஹில் எழும்பி, பாடசாலை, மத்ரஸா, டியூஷன் என்று ஓடி, இரவு கொப்பியின் மேலேயே தூங்கிவிடும் ஒரு பிள்ளையின் ஒரு நாள். முதலில் உம்மாமார் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு மண்டபம் அமைதியாகிவிட்டது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டோம். அரபு எழுத்தணி வகுப்பு தொடங்கி, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பாதியில் நின்றது. நாடகத்தில் நடிக்க வேண்டாம் என்று இரண்டு வீடுகளில் சொன்னார்கள். நாங்கள் வாதாடவில்லை. அந்தப் பிள்ளைகள் திரைச்சீலைக்கு வர்ணம் பூசினார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு டிமை தாள் வாங்குவதற்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொன்னது பெருமைக்காக அல்ல. சித்திரம் வரைந்தால் கணிதத்தில் புள்ளி கூடும் என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. கணிதம் வேண்டும், அதற்கு மேலதிக வகுப்பு வைக்கவும் தயாராக இருக்கிறோம். ஆனால் வாரத்துக்கு இத்தனை பாடவேளை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் சித்திரத்துக்குக் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடியது. தரம் 6 முதல் 9 வரை அழகியல் கட்டாயப் பாடமும்கூட. எங்கள் பிள்ளைகளில் சிலர் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கல்யாணம், குடும்பம். தன் கையால், தன் மனதில் உள்ளதை, யாரும் அவசரப்படுத்தாமல் செய்து பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் கடைசி இடம் அந்தச் சில பாடவேளைகள்தான். அதையும் எடுத்துவிட்டால் எங்கே போவார்கள்?

இது நம் மார்க்கத்துக்கோ மரபுக்கோ புறம்பானதும் அல்ல. கவிஞர் ஹஸ்ஸான் பின் தாபித் (ரழி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கவி சொல்ல மேடை கிடைத்தது. நம் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாடுபட்ட அறிஞர் சித்தி லெப்பைதான் 1885 இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார். கல்வியையும் கலையையும் அவர் இரண்டாகப் பிரிக்கவில்லை. மருதமுனைக் கைத்தறிக்கு நாடு முழுக்கப் பெயர் இருக்கிறது. நிறமும் கோலமும் தெரிந்த கைகள் நம் சமூகத்துக்குப் புதிதா என்ன? மேலே படிக்க விரும்பும் பிள்ளைக்கு மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது.

ஆகவே ஊராரிடம் மூன்று விடயங்கள் கேட்கிறோம். சித்திரப் பாடவேளையை விட்டுவிடுங்கள். எழுத்தணி தெரிந்த சகோதரிகள் யாராவது இருந்தால் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். இந்த விடுமுறையில் உங்கள் மகளிடம் அவளுடைய சித்திரக் கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். புள்ளியைப் பார்க்க வேண்டாம். "இது என்ன மகள்?" என்று மட்டும் கேளுங்கள்.

நாங்கள் போடாத படங்கள் எல்லாம் அந்தக் கொப்பியில்தான் இருக்கின்றன.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.