'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்': புற்றுநோய் சிகிச்சையில் யார் பேசணும், என்ன கேக்கணும்?

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க டாக்டர்."

பயாப்சி ரிசல்ட் கைக்கு வந்ததும் கொங்குப் பக்கத்தில் பல பிள்ளைகள் டாக்டரிடம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். 'தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும்' என்ற பயத்தில் வரும் பாசம் அது. ஆனால் கீமோ ஏறப்போவதும், முடி கொட்டப்போவதும் அந்த அம்மாவுக்குத்தான். அவரை ஒதுக்கிவிட்டு அவருடைய சிகிச்சையைப் பேசுவது சரியா?

குண்டடத்தில் இருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் பொங்கலூர், பல்லடம், சூலூர் தாண்டி கோவைக்குப் போகணும். ஒரு நாள் கூலி போயிரும். காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடம். பைலைத் தூக்கிக்கொண்டு வந்த மகனோ மகளோ பேச, நோயாளி ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இங்கே முக்கியம். அது புற்றுநோய் வழக்கு அல்ல. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த ஒருவருக்காகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம்.

சிகிச்சை எப்படி நடக்கும், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லணும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

மறைத்தால் என்ன ஆகும்?

கீமோ காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். 'ஏதோ சத்து ஊசி' என்று நம்பவைக்கப்பட்டவர், ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துக்கொள்வார். யாரோ சொன்ன நாட்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுவார். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சிலர் நிஜமாகவே 'எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பையன்கிட்ட பேசிக்கோங்க' என்பார்கள். அதுவும் அவர்கள் உரிமைதான். ஆனால் அந்த முடிவை அவர்களே எடுக்கணும். 'எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறீங்கம்மா?' என்று முதலில் அவரையே கேட்பது நல்லது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

முந்தின நாளே அம்மாவோடு உட்கார்ந்து, அவர் சந்தேகங்களைப் போன் நோட்ஸில் எழுதுங்க. முக்கியமானது மேலே இருக்கட்டும்.

1. எந்தப் புற்றுநோய், எந்த நிலை? வேற இடத்துக்குப் பரவியிருக்கா?

2. இந்த சிகிச்சை குணமாக்கவா, கட்டுப்படுத்தவா, வலியைக் குறைக்கவா? பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மற்ற எல்லா முடிவும் இதன் பதிலைப் பொறுத்தது.

3. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் இதில் எது, எத்தனை தடவை? வேற வழி இருக்கா?

4. என்னென்ன பக்கவிளைவு வரும்? ராத்திரியில் ஏதாவதுன்னா யாருக்குப் போன் பண்ணணும்?

5. மொத்தச் செலவு எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டில் வருமா?

டாக்டர் சொன்னதை 'அப்போ இப்படித்தானுங்களே?' என்று திருப்பிச் சொல்லிப் பாருங்க. தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அனுமதி கேட்டு ரெக்கார்டும் பண்ணலாம்.

வேலையைப் பற்றியும் பேசணும்

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவருக்கோ செக்கிங் பார்ப்பவருக்கோ 'எத்தனை மாசம் வேலைக்குப் போக முடியாது?' என்பதும் மருத்துவக் கேள்விதான். கூலி போகுதே என்று பாதியில் சிகிச்சையை விடுபவர்கள் இருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, கூலியில் 80 சதவீதம் வரை 2 ஆண்டு வரை உதவித்தொகை பெற வழி உண்டு. 2 ஆண்டு தொடர் வேலை, சந்தா நாள் கணக்கு போன்ற நிபந்தனைகளும் உண்டு. எந்தச் சான்றிதழ் வேணும் என்று ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்க.

செகண்ட் ஒப்பீனியன் கேட்டா கோவிச்சுக்குவாரா?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமை சாசனத்தில் அதுவும் ஒரு உரிமை. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரணும். 'இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிக்கறோமுங்க' என்று நேராகவே சொல்லலாம்.

டாக்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பைல் யார் கையில் இருந்தாலும், நோயாளியின் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரியும் தமிழில் இரண்டு வரி சொல்ல அதிக நேரம் ஆகாது. படித்த பிள்ளைகள் பைலைச் சுமக்கலாம், கூகுளில் தேடலாம், மறந்ததை நினைவுபடுத்தலாம். ஆனால் 'சரி', 'வேண்டாம்' என்று சொல்வது நோயாளியாக இருக்கட்டும்.