பிரஷர் இல்லாதவருக்கு எதற்கு பிரஷர் மாத்திரை?

“என் கணவருக்கு வயது 54. பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. பிரஷர் கிடையாது. ‘சிறுநீரில் புரதம் போகிறது’ என்று எனலாப்ரில் மாத்திரை கொடுத்தார்கள். ‘இது இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரை’ என்று யாரோ சொன்னதும் பயந்து நிறுத்திவிட்டார். இது சரியா?”

- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

நான் வேளாண்மை படித்தவன், மருத்துவர் இல்லை. ஆனால், எனக்கும் சர்க்கரை உண்டு. இதே வகை மாத்திரையைத்தான் நானும் சாப்பிடுகிறேன். என் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உங்கள் தோட்டத்தில் சொட்டுநீர் போட்டிருந்தால் சுலபமாகப் புரியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் லட்சக்கணக்கில் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். சர்க்கரை நோயில் இந்த வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறிவிடும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் சரியாக இருந்தாலும் இது நடக்கும். நாளடைவில் வலை பழுதாகி, ரத்தத்தில் நிற்க வேண்டிய அல்புமின் என்கிற புரதம் சிறுநீரில் ஒழுகும்.

எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை முக்கியமாக வெளியே போகும் குழாயை விரித்துக் கொடுக்கும். ஃபில்டருக்கு அடுத்த வால்வைத் திறந்துவிட்டால் பிரஷர் மீட்டரின் முள் இறங்குமே, அந்தக் கதைதான். இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே மாத்திரைகள் பயன்படுவதால்தான் அந்தப் பெயர். இந்த வகையில் முதலில் வந்த கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது! அது சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகச் சேதத்தைத் தாமதப்படுத்துவதை 1993-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. லோசார்டனுக்கு 2001-ல் அதேபோல முடிவு வந்தது.

ஆகவே, தானாக நிறுத்தியது தவறு. அதேசமயம், பழைய அட்டையை எடுத்துத் தானாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லட்டும். எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். உதடு, முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி, பேதியில் உடம்பு வற்றிப்போனால் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று கேளுங்கள். பொட்டாசியம் கூடியிருந்தால் இளநீர் கூடாது.

நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. வயலிலிருந்து வந்ததும் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது. இந்த மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

மாத்திரை அட்டை, பழைய ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரைக் கூட்டிப்போங்கள். அல்புமின் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டு, நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.