உருளும் கண் எங்கே திரும்ப வேண்டும்?

பந்தைப் போல உருண்டு செல்லும் ரோபோக்கள் ஆய்வுக்கூடங்களைக் கடந்து வெளியுலகுக்கு வந்துவிட்டன. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேற்றுக் கோள்களின் தரையை ஆராயும் நோக்குடன் தொடங்கிய முயற்சி, 2004-இல் ரோட்டுண்டஸ் என்ற நிறுவனமாக உருவெடுத்தது. அது உருவாக்கிய ‘கிரவுண்ட்பாட்’ வேறு கோள் எதற்கும் செல்லவில்லை. வளாகங்களைக் காவல் காக்கும் கருவியாகச் சந்தைக்கு வந்தது. 2024 இறுதியில் சீனாவின் வென்சோ நகரில், நிலத்திலும் நீரிலும் செல்லக்கூடிய கோள ரோபோ ஒன்று காவலர்களுடன் ரோந்து சென்றது. அதில் கண்ணீர்ப்புகைக் கருவியையும் பொருத்த முடியும் எனச் செய்திகள் கூறின.

இதன் இயங்குமுறை எளிமையானது. மூடிய கூட்டுக்குள் ஓர் அச்சும், அதிலிருந்து தொங்கும் கனமான ஊசலும் இருக்கின்றன. மோட்டார் ஊசலை முன்னோக்கி உயர்த்தும்போது எடையின் மையம் நகர்கிறது, பந்து உருள்கிறது. ஊசல் பக்கவாட்டில் சாய்ந்தால் பாதை திரும்புகிறது. செங்குத்தான ஏற்றத்திலும் படிக்கட்டிலும் இது தடுமாறும். ஆனால் வெளியே சக்கரமோ காலோ இல்லாததால், கவிழ்ந்து செயலற்றுக் கிடக்கும் நிலை இதற்கு இல்லை. மணலிலும் சேற்றிலும் பனியிலும் செல்லும். கூடு காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருந்தால், உள்ளே எழும் மின்பொறி வெளியிலுள்ள எரிவாயுவைத் தீண்டாது. கேமராவுடன் வாயு உணர்வியையும் ஏற்றிவிட்டால், மனிதர் கால் வைக்கக்கூடாத இடத்துக்கு மனிதருக்குப் பதிலாகச் சென்று வரும்.

இப்படிப்பட்ட கருவி இந்திய ஆட்சியாளர்களின் கைக்கு வந்தால் முதலில் எங்கே உருளும்? அண்மைக்கால அனுபவமே விடை சொல்கிறது. விளைபொருளுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கோரி தில்லி நோக்கிப் புறப்பட்ட விவசாயிகள் மீது, 2024 பிப்ரவரி 13 அன்று ஷம்பு எல்லையில் ஹரியானா காவல்துறை டிரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. 2020 தில்லி வன்முறையையொட்டி, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவுகளை முக அடையாள மென்பொருளில் செலுத்தி 1,100-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையிலேயே அறிவித்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்கியிருக்கிறது.

மக்களைப் பார்க்கும் கண்கள் இவ்வாறு பெருகிவரும் நாட்டில், ஆலைகளைப் பார்க்க வேண்டிய கண்களின் நிலை என்ன? 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டதும், மேற்பகுதியில் வெப்பம் ஏறியது தெரியாமல் போனதும், அபாயச் சங்கு ஒலிக்கப்படாததும் ஆந்திர அரசு நியமித்த உயர்நிலைக் குழுவின் விசாரணையில் வெளிப்பட்டன. அங்கே தேவைப்பட்டவை விண்வெளித் தொழில்நுட்பம் அல்ல. சரியான இடத்தில் ஒரு வெப்பமானியும், உரிய நேரத்தில் ஒரு சங்கொலியும், இவ்விரண்டையும் கட்டாயப்படுத்தும் ஆய்வாளரும்தான்.

அந்த ஆய்வைத்தான் ஒன்றிய அரசு பலவீனப்படுத்துகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை அகற்றியது. மின்விசை பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ எனக் கருதப்படுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை 10-இலிருந்து 20 ஆகவும், மின்விசை இல்லாத இடத்தில் 20-இலிருந்து 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. ஆய்வாளர் என்ற பதவிப் பெயருடன் முதலாளிக்கு ‘வசதி செய்து தருபவர்’ என்ற அடைமொழியும் ஒட்டப்பட்டுவிட்டது. தெருவில் நடக்கும் குடிமகனுக்கு ஓயாத கண்காணிப்பு, ஆபத்தான ஆலைக்குத் தளர்ந்த ஆய்வு என்பதே ஆட்சியாளர்களின் கொள்கை.

இயந்திரம் தொழிலாளியின் பகையல்ல. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இலேயே இயற்றப்பட்டது. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்சநீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. ஆனாலும் துப்புரவுத் தொழிலாளர்கள் குழிக்குள் இறக்கப்படுகிறார்கள், மூச்சுத் திணறி மடிகிறார்கள். 2018-இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின்போது திருவனந்தபுரத்தில், இளம் பொறியாளர்கள் வடிவமைத்த ‘பாண்டிகூட்’ ரோபோ ஆள்நுழைகுழிகளைச் சுத்தம் செய்யக் களமிறக்கப்பட்டது. அதை இயக்கும் பயிற்சி துப்புரவுத் தொழிலாளர்களுக்கே அளிக்கப்பட்டது. மனிதன் இறங்க வேண்டிய குழியில் இயந்திரம் இறங்க, இயந்திரத்தின் விசை தொழிலாளியின் கையில் இருந்தது.

கோள ரோபோக்களுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். பொதுப்பணம் செலவிடப்படுமானால், வேதி ஆலைகளும் எரிவாயுக் குழாய்களும் சுரங்கங்களுமே அவற்றின் முதல் இடமாக இருக்க வேண்டும். அவை திரட்டும் தரவுகள் நிர்வாகத்தின் அலமாரியில் முடங்காமல், தொழிற்சங்கங்கள் பங்கேற்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் கிடைக்க வேண்டும். காவல் பணியிலும் பராமரிப்பிலும் உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களை வெளியேற்றும் கருவியாக அவை மாறக்கூடாது. பயிற்சியும் மாற்றுப் பணியும் சட்டபூர்வ உரிமையாக வேண்டும். நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய தெளிவான சட்டமின்றி, முக அடையாளத் தொழில்நுட்பமோ கண்ணீர்ப்புகையோ ஏந்திய எந்த இயந்திரமும் பொதுவெளியில் உருள அனுமதிக்கக் கூடாது.

சட்டத்தொகுப்புகளை எதிர்த்துப் போராடும் தொழிற்சங்க இயக்கம், ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பு, ஆலைகளைக் கண்காணி என்ற முழக்கத்தையும் இணைத்து எழுப்பட்டும். புதிய கருவிகள் யார் பக்கம் உருளும் என்பதை அந்தப் போராட்டமே தீர்மானிக்கும்.