வெறும் புல் எண்டு சொல்லாதீங்க

கல்கிசை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறவங்களுக்கு இந்தப் போஸ்டர் புதுசில்லை. பச்சை மலை ஒன்றின் படம். மேலே பெரிய எழுத்தில் 'யாரும் போகாத இடம்'. கீழே சின்ன எழுத்தில் '50 சீட், முந்துங்கள்'. இரவு 2 மணிக்கு காலி வீதியில் பஸ் ஏறினால், மாத்தளை, ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன். அங்கே கோபுரத்தடியில் காத்து வாங்கிவிட்டு இறக்கத்தில் நடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியில் மத்தியானச் சோறு. பின்னேரம் திரும்ப பஸ்.

போறது நல்ல விஷயம். லீவு நாள் எண்டால் மோல், இல்லாட்டி கடற்கரை எண்டு இருந்த எங்கட ஆக்கள் மலை ஏறுவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். (இந்த ஒரு நாளுக்கு வீட்டில் அனுமதி வாங்க பொம்பிளப் பிள்ளைகள் படுகிற பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேணும்.) எங்கட பிரச்சினை அந்தப் போஸ்டரில் இருக்கிற இரண்டு விஷயத்தோடு. 'யாரும் போகாத' எண்ட சொல் ஒன்று, 50 எண்ட எண்ணிக்கை மற்றது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மலைநாட்டுப் புல்வெளிக்குத்தான் பத்தனை எண்டு பேர். எங்களில் கனபேருக்கு அந்தச் சொல் கொட்டகலைப் பக்கத்துப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியால்தான் பழக்கம். பிட்டவல பத்தனை ஏறத்தாழ 10 ஹெக்டேயர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு துண்டு. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது இந்த நக்கிள்ஸையும்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் கிரிக்கெட் விளையாடலாம் போல இருக்கும். கிட்டப் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தால் தெரியும், கீழே பாறை. மண் எண்டது அந்தப் பாறைத் தட்டுக்கு மேலே விரித்த மெல்லிய பாய். புல் கட்டையாக நிற்பதும் அதனால்தான், வேர் இறங்க இடமில்லை.

அந்தப் பாயில் 50 பேர் நடந்தால் என்ன நடக்கும்? வரிசையாக ஒரே தடத்தில் போனால் பெரிய சேதம் இல்லை. ஆனால் 50 பேர் வரிசையாகப் போனதை யார் பார்த்தது? படம் எடுக்க ஒரு கூட்டம் இடப்பக்கம் விலகும், ரீல்ஸ் எடுக்க இன்னொரு கூட்டம் வலப்பக்கம். ஒரு தடம் நாலு தடமாகும். புல் செத்த இடத்தில் மழை இறங்கும், மண்ணை அள்ளிக்கொண்டு போகும், பாறை வெளியே வரும். அதில் மறுபடி புல் பிடிக்க எங்கட ஆயுசு காணாது.

இன்னொரு சின்ன ஆளும் அங்கே இருக்கிறார். நனோஃப்ரிஸ் மார்மொராட்டா எண்ட பாறைத் தவளை. உலகத்திலேயே நக்கிள்ஸில் மட்டும்தான் இருக்கு, அழிவு அபாயத்தில் உள்ள இனம். இதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. ஈரப் பாறையில் தகடு மாதிரி ஓடுகிற தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வளரும். நாங்கள் 'சும்மா ஈரப்பாறை' எண்டு சப்பாத்தோடு மிதிக்கிற இடம் அதுக்குத் தொட்டில். அட்டைக்கு எண்டு காலில் பூசின சவர்க்காரத்தையும் டெட்டோலையும் கழுவுவதும் அதே தண்ணீரில்தான். தோலால் மூச்சு விடுகிற உயிருக்கு அது என்ன செய்யும் எண்டு விளக்கத் தேவையில்லை.

இனி 'யாரும் போகாத' எண்ட சொல்.

இந்த மலைகளை 'ஆளில்லாத நிலம்' எண்டு முதலில் எழுதி வைத்தது போஸ்டர் அடிக்கிற பொடியன்மார் இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாவற்றையும், வேறு ஒருவர் உரிமையை நிரூபிக்காதவரைக்கும், முடிக்குரிய காணி எண்டது. சேனை வெட்டினவனிடமும் மாடு மேய்த்தவனிடமும் என்ன பத்திரம் இருக்கும்? காணி கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போனது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்து சனத்தைக் கூட்டி வந்த வழி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடந்து, மாத்தளைக்கு. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

2023இல், மலையகம் 200ஐ ஒட்டி, அதே வழியை மறுபடி நடந்தார்கள். ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடை அது. காணி, வீடு, சம்பளம், சமமான பிரஜையாக மதிப்பு எண்டு கேட்டுக்கொண்டே நடந்தவர்கள். அந்த நடை வந்து முடிந்த ஊரின் ஊடாகத்தான் எங்கட பஸ் விடியப்புறம் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தாண்டிப் போவதே பாதிப்பேருக்குத் தெரியாது, நித்திரை. பரவாயில்லை. ஆனால் அதுக்கு அப்பால் ஒரு மணித்தியாலம் போய் இறங்கி, 'இங்க மனிசரே வந்ததில்லை' எண்டு தலைப்புப் போடும்போதுதான் எங்களுக்குக் குத்துது. பத்தனையைச் சுற்றி பிட்டவல, இலுக்கும்புர எண்டு வயலும் வீடுமாகச் சிங்களக் கிராமங்கள் இருக்கு. காட்டைக் காக்கிறதற்காக ஏலக்காய்ச் செய்கையை விட வேண்டி வந்த சனம் இந்த மலையில் இருக்கு. அவர்கள் எல்லாம் 'யாரும்' எண்ட கணக்கில் வரமாட்டார்களா?

'நாங்க போறதால அவங்களுக்கு வருமானம்தானே' எண்டு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். சோறு பார்சல் வெள்ளவத்தையில் கட்டினது, தண்ணிப் போத்தல் கொழும்பில் வாங்கினது, ரோல்ஸும் கொழும்பு. அந்த ஊருக்கு மிஞ்சுகிறது லன்ச் ஷீட் மட்டும்.

ஆகவே போஸ்டர் அடிக்கிறவர்களிடம் எங்கட கேட்பு பெரிசில்லை. ஒரு தடவைக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். தலைக்குச் செலவு கூடும், தெரியும். வானில் போங்கோ, இல்லாட்டி மாத்தளை வரைக்கும் ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கோ. வனத் திணைக்களத்தின் டிக்கெட்டை முறையாக எடுங்கோ, வேலிக்குப் பக்கத்தால் நுழைவதைச் சாகசம் எண்டு கதைக்காதீங்க. ஸ்பீக்கர் வீட்டில் இருக்கட்டும். காலில் பூசினதைத் தண்ணீருக்குத் தூரமாகத் துடையுங்கோ.

மத்தியானச் சாப்பாட்டை முதல்நாளே கோல் எடுத்து இலுக்கும்புரப் பக்கம் ஒரு வீட்டில் சொல்லி வைக்கலாம். ஊர்ச் சோறு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். சிங்களம் தடுமாறுகிறவர்கள் தடுமாறியே கதையுங்கோ, சிரிப்பார்கள், சமைத்தும் தருவார்கள். திரும்பும்போது மாத்தளையில் அரை மணித்தியாலம் இறங்கி நில்லுங்கோ. தேத்தண்ணிக் கடை கோயிலடியிலேயே இருக்கு.