முதல் மூச்சும் நம் வலைகளும்

டால்பினை நம் கடற்கரை மக்கள் ஓங்கில் என்பார்கள். அதன் குட்டி பெரும்பாலும் வால் முதலாகத்தான் வெளியே வரும். ஏறக்குறைய பன்னிரண்டு மாதம் வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால் பக்கவாட்டில் வெளிறிய மடிப்புக் கோடுகள் தெரியும். முதுகுத் துடுப்பு துவண்டிருக்கும். தொப்புள்கொடி அறுந்ததுமே குட்டிக்கு இருப்பது ஒரே வேலை: மேலே போய் மூச்சு வாங்க வேண்டும். செவுள் இல்லாத உயிர் அது. தடுமாறினால் தாய் கீழிருந்து முட்டித் தூக்கிவிடும். பிறகு தாயின் விலாவை ஒட்டியபடி, அவள் கிழித்துப் போகும் நீரோட்டத்திலேயே குட்டியும் இழுபட்டுப் போகும். அதற்குப் பால் உறிஞ்ச உதடு கிடையாது. நாக்கைக் குழலாகச் சுருட்டி, சில நொடி குடித்துவிட்டு மறுபடி மூச்சுக்கு மேலே வரும். முதல் மாதத்தில் தாயும் குட்டியும் அசையாமல் ஓய்வதே அபூர்வம்.

இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்து நெகிழ்ந்தோம். குழந்தைகளுக்கு டால்பின் பொம்மை வாங்கிக் கொடுத்தோம். 2013இல் மத்திய அரசு டால்பின் காட்சிக்கூடங்களுக்குத் தடை போட்டபோது பெருமைப்பட்டோம். நம் மன்னார் வளைகுடாவிலும் ஓங்கில் குட்டி போடுகிறது, அதன் தலைக்கு மேலே வலை தொங்குகிறது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

சூரை மீனுக்காக விரிக்கும் வழிவலை என்ற செவுள்வலை கடலின் மேல்மட்டத்தில், கிலோமீட்டர் கணக்கில் சுவர்போல நிற்கும். ஓங்கில் மூச்சுக்கு வந்தாக வேண்டிய இடமும் அதுதான். வாலோ துடுப்போ நைலான் கண்ணியில் மாட்டிக்கொண்டால் திமிறத் திமிற இழை இறுகும். கைக்கெட்டும் உயரத்தில் காற்று இருக்க, மூச்சை அடக்கியபடியே அது சாகும். பால் குடிக்கும் குட்டி வலைக்கு வெளியே இருந்தாலும், தாய் போன பிறகு அதற்கும் பிழைப்பில்லை. அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலில் சூரைக்கான செவுள்வலைகளில் சிக்கிய டால்பின் வகை உயிர்கள் சுமார் 41 லட்சம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஈரான், இந்தோனேசியா, பாகிஸ்தான், இலங்கையோடு நாமும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறோம். ஒரு பெண் ஓங்கில் அடுத்த குட்டி ஈன மூன்று முதல் ஆறு ஆண்டு ஆகும். மத்தியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது.

பழியை மீனவர்மேல் போட்டுவிட்டு ஒதுங்குவது நமக்கு எளிது. ஓங்கில் சிக்கினால் அவருக்கு வலை கிழியும், அன்றைய பாடு போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு அதையும் சேர்த்து வைத்திருப்பதால் வழக்குப் பயமும் உண்டு. செத்ததைச் சத்தமில்லாமல் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறவரை எப்படிக் குறை சொல்வது? தண்டனையை எழுதிவைத்தோம். "அண்ணே, சிக்கினதைச் சொல்லுங்க, உங்கமேல கேஸ் வராது" என்று உறுதி கொடுக்க நமக்குத் தோன்றவில்லை. சந்தையில் சூரைக்குப் பேரம் பேசினோமே தவிர, எந்த வலையில் பட்டது என்று கேட்டதில்லை. கடல் பாலூட்டிகளைக் காக்காத நாட்டு மீன் வேண்டாம் என்று அமெரிக்கா 2016இல் விதி செய்தது. ஏற்றுமதிக்கு ஆபத்து என்ற பிறகுதான் நம் கடலில் அவற்றை எண்ணும் வேலை சூடு பிடித்தது. மானம் இருந்தால் இது நமக்கு உறைக்க வேண்டும்.

வழி தெரியாமலும் இல்லை. பாகிஸ்தான் மீனவர்கள் வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் கீழே இறக்கிப் பார்த்தார்கள். டால்பின் சாவு பெருமளவு குறைந்தது. மிதவைக் கயிற்றின் நீளத்தைக் கூட்டினால் போதும். அப்படி இறக்கும்போது மீன் குறைந்தால் அந்த நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அது படகில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. அரசிடமும், மீன் தின்கிற நம்மிடமும் கேட்க வேண்டியது. நாம் இன்னும் கேட்கவில்லை.